1994 துப்பாக்கித் தடை: அதன் கீழ் வாழ்ந்த ஓர் உரிமையாளரின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்கப் பள்ளிகளில் நடக்கும் துப்பாக்கிச் சூடுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த தலையங்கம், 1994 முதல் 2004 வரை இங்கு நடைமுறையில் இருந்த தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடையை மீண்டும் கொண்டுவந்தாலே போதும் என்ற கருத்தோடு முடிந்திருந்தது. அந்தப் பத்தாண்டுகளிலும் ஒஹாயோ மாநிலத்தில் துப்பாக்கி வைத்திருந்தவன், இன்றும் வைத்திருப்பவன், இலக்குச் சுடும் சங்கம் ஒன்றின் உறுப்பினன் என்ற முறையில், அந்தச் சட்டம் எதைத் தடுத்தது, எதை விட்டுவிட்டது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். குழந்தைகள் கொல்லப்படுவதைக் கண்டு தாங்கள் அடைந்த வேதனையில் எனக்கும் முழுப் பங்கு உண்டு. அந்த வேதனை உண்மையானது என்பதால்தான், இன்னொரு சட்டம் வருமானால் அது பழைய சட்டத்தின் நகலாக அமைந்துவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறேன்.

தடை திடீரென்று முளைத்ததல்ல. 1989 ஜனவரியில் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஐந்து குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். தென்கிழக்கு ஆசியப் போர்களிலிருந்து தப்பி வந்த அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். அதே ஆண்டில் கலிபோர்னியா தனக்கென்று ஒரு தடைச் சட்டம் இயற்றியது. குடியரசுக் கட்சி அதிபரான மூத்த ஜார்ஜ் புஷ், வெளிநாட்டு அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் பலவற்றின் இறக்குமதியை நிறுத்தினார். 1993இல் சான் பிரான்சிஸ்கோவின் அலுவலகக் கட்டடம் ஒன்றில் எட்டுப் பேர் கொல்லப்பட்ட பிறகு, அந்நகரத்தின் முன்னாள் மேயரும் செனட்டருமான டயான் ஃபைன்ஸ்டைன் நாடு தழுவிய தடையை முன்மொழிந்தார். 1994 மே மாதம் பிரதிநிதிகள் சபையில் அது 216க்கு 214 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தது. ஃபோர்டு, கார்ட்டர், ரேகன் ஆகிய மூன்று முன்னாள் அதிபர்கள் ஆதரவுக் கடிதம் எழுதியிராவிட்டால் அந்த இரண்டு வாக்கு வித்தியாசமும் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. செப்டம்பர் 13 அன்று அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்டார். பத்தாண்டுகளில் தானாகவே காலாவதியாகும் என்ற விதியும் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது.

இனி, சட்டம் எதைத் தடுத்தது என்று பார்ப்போம். வெளியில் பலரும் நினைப்பதுபோல், விசையை அழுத்திப் பிடித்தால் மழையாகப் பொழியும் இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அவை 1934 முதல் கடுமையான உரிமக் கட்டுப்பாட்டில் இருப்பவை, 1986க்குப் பின் தயாரிக்கப்பட்டவற்றைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது. 1994 சட்டம் தொட்டது, விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா மட்டுமே வெளியேறும் அரைத் தானியங்கி ரகங்களில் ஒரு பகுதியை. கோல்ட் ஏ.ஆர்.-15, டெக்-9, உஸி, கலாஷ்னிகோவ் வகைகள் என்று 19 ரகங்களைப் பெயர் சொல்லித் தடுத்தது. மற்றவற்றுக்கு ஓர் உறுப்புக் கணக்கு வைத்தது. தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டியான மேகசினைக் கழற்றி மாட்டக்கூடிய ஒரு நீள் துப்பாக்கியில், மடக்கக்கூடிய அல்லது உள்ளிழுக்கக்கூடிய தோள்கட்டை, தனியாகத் துருத்தி நிற்கும் கைப்பிடி, முனைக் கத்தியைப் பொருத்தும் கொக்கி, சுடும்போது எழும் தீயை மறைக்கும் முனைக்குமிழ் அல்லது அதை மாட்டுவதற்காக மரை வெட்டிய குழல், எறிகுண்டு வீசும் அமைப்பு ஆகிய ஐந்தில் இரண்டு இருந்தால் அது தடைக்குரியது. ஒன்று மட்டும் இருந்தால் விற்கலாம்.

இந்தக் கணக்கைப் படித்த எந்தத் தயாரிப்பாளருக்கும் விடை உடனே கிடைத்துவிட்டது. கைப்பிடியை அப்படியே வைத்துக்கொண்டு, முனைக் கத்திக் கொக்கியையும் தீ மறைக்கும் குமிழையும் நீக்கி, தோள்கட்டையை அசையாமல் பொருத்திவிட்டால் போதும். அதே தோட்டாவை, அதே வேகத்தில், அதே துல்லியத்தோடு சுடும் அதே துப்பாக்கி புதுப் பெயரோடு கடைக்கு வந்தது. டெக்-9 வகையைத் தயாரித்த நிறுவனம், மாற்றியமைத்த துப்பாக்கிக்கு ஏ.பி.-10 என்று பெயரிட்டது. தடைக்குப் பின் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை என்று எல்லோரும் அறிவர். தொண்ணூறுகளின் பிற்பாதியில் நான் வாங்கிய ஏ.ஆர். வகைத் துப்பாக்கியும் இப்படித் திருத்தப்பட்டதுதான். முழுக்க முழுக்கச் சட்டப்படி, பின்னணிச் சோதனை முடிந்து, ரசீதோடு வாங்கினேன். 2002 அக்டோபரில் வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில் மறைந்திருந்து பத்துப் பேரைக் கொன்ற இருவரின் கையில் இருந்ததும் தடைக் காலத்தில் தயாரான, இவ்வாறு திருத்தப்பட்ட ஒரு துப்பாக்கியே.

இதைவிட உறுத்தலான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தடுக்கப்பட்ட 19 ரகங்களின் பட்டியலைப் போலவே, தடைக்கு அப்பாற்பட்டவை என்று பல நூறு வேட்டை, விளையாட்டுத் துப்பாக்கிகளின் பெயர்களும் சட்டத்தின் பின்னிணைப்பில் இருந்தன. அவற்றில் ஒன்று ரூகர் மினி-14. மரக்கட்டை போட்ட, பண்ணை வீடுகளில் பார்க்கக்கூடிய, பாட்டன் காலத்துத் தோற்றம் கொண்ட துப்பாக்கி அது. ஏ.ஆர்.-15 சுடும் அதே .223 தோட்டாவைத்தான் அதுவும் சுடுகிறது. அதுவும் அரைத் தானியங்கிதான். அதற்கும் கழற்றி மாட்டும் மேகசின்தான். கறுப்பு நிறப் பிளாஸ்டிக் உடம்பும் படைவீரனின் சாயலும் இல்லை என்பதைத் தவிர, சுடப்படுபவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு ஏதுமில்லை. மடக்கும் தோள்கட்டை இல்லாத மினி-14 அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இடம்பெற்றதைக் கண்டபோது, சட்டம் எழுதியவர்கள் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை என்று எங்கள் சங்கத்தில் பலரும் முடிவுகட்டிவிட்டனர். அன்று விழுந்த அவநம்பிக்கை இன்றுவரை நீங்கவில்லை. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு மசோதாவையும், அது எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், அந்த அவநம்பிக்கையோடுதான் படிக்கிறார்கள்.

ஆனால் உரிமையாளர்கள் இதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். சட்டம் கேலிக்கூத்தாக முடிந்தது, ஆகவே எந்தச் சட்டமும் பயன்படாது என்ற இடத்துக்குத் தாவிவிடுவார்கள். அங்கேதான் நான் அவர்களிடமிருந்து வேறுபடுகிறேன். ஏனென்றால் அந்தச் சட்டத்தில் தோற்றத்தைப் பற்றிப் பேசாத ஒரு பகுதியும் இருந்தது. பத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்களைக் கொள்ளும் மேகசின்களைப் புதிதாகத் தயாரித்துப் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது என்றது அது. துப்பாக்கியின் பெயர் என்ன, கட்டை மரமா பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் இங்கே பொருட்டல்ல. நிறுத்தாமல் எத்தனை முறை சுட முடியும் என்பது மட்டுமே கணக்கு.

இந்த எண்ணம் துப்பாக்கி எதிர்ப்பாளர்களுக்கு மட்டும் உதித்ததல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மினி-14ஐத் தயாரிக்கும் நிறுவனத்தின் தலைவரான வில்லியம் ரூகர், 1989 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதிய கடிதத்தில், துப்பாக்கி ரகங்களைத் தடுப்பதற்குப் பதிலாக 15க்கும் மேற்பட்ட தோட்டாக்களைக் கொள்ளும் மேகசின்களைத் தடுக்கலாம் என்று யோசனை கூறினார். வாழ்நாள் முழுவதும் துப்பாக்கியை வடிவமைத்தவர் அவர். தம் வியாபாரத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே அப்படி எழுதினார் என்று இன்றும் உரிமையாளர்கள் அவரை மன்னிப்பதில்லை. அவர் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பவர்களை நான் அறிவேன். அவரது நோக்கம் எதுவாயினும், அவர் சுட்டிக்காட்டிய இடம் சரியான இடம் என்றே நான் கருதுகிறேன்.

1993 டிசம்பரில் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் ரயிலில் ஒருவன் கைத்துப்பாக்கியால் பயணிகளைச் சுட்டுக்கொண்டே பெட்டிக்குள் நடந்தான். 15 தோட்டாக்கள் கொள்ளும் மேகசின்களை அவன் வைத்திருந்தான். ஆறு பேர் இறந்தனர். அடுத்த மேகசினை மாற்ற அவன் நின்ற கணத்தில் பயணிகள் பாய்ந்து அவனை மடக்கினர். அந்த ரயிலில் கணவரைப் பறிகொடுத்த செவிலியர் கரோலின் மெக்கார்த்தி, 1996இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி, தடையைக் காப்பாற்ற இறுதிவரை போராடினார். 2011 ஜனவரியில் அரிசோனாவின் டூசான் நகரில் நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் சுடப்பட்டபோது, சுட்டவனின் கைத்துப்பாக்கியில் 33 தோட்டாக்கள் கொள்ளும் நீண்ட மேகசின் இருந்தது. ஆறு பேர் கொல்லப்பட்டனர், பலர் காயமடைந்தனர். அவனும் மேகசின் தீர்ந்து அடுத்ததை எடுக்க முயன்றபோதுதான் பிடிபட்டான். அத்தகைய மேகசின்களைத் தயாரித்து விற்பதை 1994 சட்டம் தடுத்திருந்தது. 2004க்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்களில் அவை கடைகளிலேயே கிடைத்தன.

எதிர்வாதமும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. 2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்றவன் சாதாரணக் கைத்துப்பாக்கிகளோடும் பத்து, பதினைந்து தோட்டா மேகசின்கள் ஏராளமாக நிரம்பிய பையோடும் வந்தான். பழகிய கை மேகசினை மாற்ற இரண்டு மூன்று நொடிகளே ஆகும் என்பதை எங்கள் சங்கத்துப் போட்டிகளில் வாரந்தோறும் பார்க்கிறேன். ஆனால் அது பயிற்சி பெற்ற கை, அமைதியான மைதானம். மக்கள் அலறி ஓடும் இடத்தில், நடுங்கும் விரல்களுக்கு அந்த நொடிகள் நீளும். ஒளிந்திருக்கும் குழந்தைக்கு வாசல்வரை ஓட அந்த நேரம் போதும் என்றால், அதைக் கொடுக்க மறுப்பதற்கு என் பொழுதுபோக்கு ஒரு காரணமாகாது.

அப்படியானால் அந்த மேகசின் விதி ஏன் பெரிய பலன் தரவில்லை? அதன் விடை 1994ஐ நினைவில் வைத்திருக்கும் எந்த உரிமையாளருக்கும் தெரியும். சட்டம் அமலுக்கு வந்த நாளுக்கு முன் தயாரான எதையும் அது தொடவில்லை. வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், வாங்கலாம். மசோதா விவாதத்தில் இருந்த மாதங்களிலேயே தொழிற்சாலைகள் இரவு பகலாக உற்பத்தி செய்தன. வாங்குவோர் வரிசையில் நின்றனர். நாடு முழுவதும் தடை தொடங்கியபோது தாக்குதல் ரகத் துப்பாக்கிகள் சுமார் 15 லட்சமும், பத்துக்கு மேல் கொள்ளும் மேகசின்களோடு கூடிய துப்பாக்கிகள் சுமார் 2.5 கோடியும் மக்கள் கையில் இருந்ததாக அரசுக்காகச் செய்யப்பட்ட ஆய்வு மதிப்பிட்டது. முன்பே வெளிநாட்டில் தயாரான மேகசின்கள் பின்னரும் லட்சக்கணக்கில் இறக்குமதியாயின. காவல் துறைகள் புதியவற்றுக்கு மாறியபோது கழித்த பழைய மேகசின்களும் சந்தைக்கு வந்தன. ‘தடைக்கு முந்தையது’ என்ற சீட்டு ஒட்டப்பட்ட மேகசின்கள் துப்பாக்கிக் கண்காட்சிகளில் பழைய விலையைப் போலப் பல மடங்குக்குப் போயின. சில கைத்துப்பாக்கி மேகசின்கள் நூறு டாலரைத் தொட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். விலை ஏறியது உண்மை. பொருள் இல்லாமல் போகவில்லை.

எதிர்பாராத ஒரு விளைவையும் இங்கே குறிப்பிட வேண்டும். பத்துத் தோட்டாதான் அனுமதி என்றானதும், பெரிய கைத்துப்பாக்கியைச் சுமப்பானேன் என்று தயாரிப்பாளர்கள் நினைத்தனர். 1995இல் கிளாக் நிறுவனம் பத்துத் தோட்டாவுக்கேற்ற குட்டைத் துப்பாக்கியை வெளியிட்டது. டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் வழங்கத் தொடங்கிய காலமும் அதுவே. இடுப்பில் மறையும் சிறு துப்பாக்கிகளின் சந்தை அன்று வேகம் பிடித்தது.

2004இல் அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவனத்துக்காகக் கிறிஸ்டோபர் கோப்பர் குழுவினர் அளித்த அறிக்கை, தடைக்கு முன்பே துப்பாக்கிக் குற்றங்களில் தாக்குதல் ரகங்களின் பங்கு அதிகபட்சம் 8 சதவீதம், பெரும்பாலான கணக்குகளில் 2 சதவீதம் அளவில்தான் இருந்தது என்றும், தடையின் விளைவு இருந்தாலும் அது அளவிட முடியாத அளவுக்குச் சிறியதாக இருக்கக்கூடும் என்றும் கூறியது. உரிமையாளர்கள் இந்த வரியை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அதே அறிக்கை, பெரிய மேகசின்களின் கையிருப்பு தீராத நிலையில் சட்டத்தின் முழுப் பலனும் வெளிப்படக் காலம் போதவில்லை என்று சொன்னதை மட்டும் விட்டுவிடுவார்கள். தலையங்கம் எழுதுபவர்கள் முதல் வரியை விட்டுவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்துதான் உண்மை.

சட்டத்துக்கான அரசியல் விலை உடனடியாகவே வந்தது. 1994 நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 54 இடங்களை இழந்தது. சபாநாயகர் டாம் ஃபோலி தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். பதவியில் இருக்கும் சபாநாயகர் ஒருவர் அப்படித் தோற்பது 1862க்குப் பின் அதுவே முதல்முறை. நாற்பதாண்டுகளுக்கும் மேல் டெக்சாஸிலிருந்து தேர்வாகி வந்த ஜாக் புரூக்ஸ், தடையை எதிர்த்தவராக இருந்தும், தடை அடங்கிய குற்றத் தடுப்புச் சட்டத்துக்கு வாக்களித்ததால் வீழ்ந்தார். தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அன்று பிறந்த அச்சம், 2004இல் தடை முடியும் தறுவாயில் அதற்காக எவரும் முழுமூச்சாக நிற்காமல் செய்தது. அவ்வாண்டு மார்ச்சில் செனட் 52க்கு 47 என்று நீட்டிப்புக்கு ஒப்புக்கொண்டது. அந்தத் திருத்தம் ஒட்டப்பட்டிருந்த மசோதாவையே அன்றே 90க்கு 8 என்று தோற்கடித்தது. இளைய புஷ், மசோதா தம் மேசைக்கு வந்தால் கையெழுத்திடுவேன் என்று கூறியிருந்தார். அது அவர் மேசைக்கு வரவே இல்லை.

தடையின் மிகப் பெரிய விளைவு எது என்று என்னைக் கேட்டால், அது ஏ.ஆர்.-15க்குக் கொடுத்த புகழ் என்பேன். எண்பதுகளில் எங்கள் மைதானத்துக்கு வந்தவர்கள் வேட்டைத் துப்பாக்கியும் பழைய படைத்துறைத் துப்பாக்கியும் கொண்டு வந்தார்கள், ஏ.ஆர். வைத்திருப்பவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அரசாங்கம் அதைப் பெயர் சொல்லித் தடுத்ததும், அதில் ஆர்வமே இல்லாதவர்களும் அதை விரும்பத் தொடங்கினர். 2004 செப்டம்பரில் தடை விலகியதும், காத்திருந்த சந்தை உடைப்பெடுத்தது. 2006இல் கைத்துப்பாக்கிக்குப் பெயர்பெற்ற ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனமும் அந்த ரகத்தைத் தயாரிக்க இறங்கியது. இன்று அவ்வகைத் துப்பாக்கிகள் இரண்டு கோடிக்கும் அதிகமாகப் புழக்கத்தில் இருப்பதாகத் தொழில் அமைப்பே மதிப்பிடுகிறது. ஒவ்வொரு பெரும் படுகொலைக்குப் பிறகும் மீண்டும் தடை வரும் என்ற பேச்சு எழுகிறது. அந்த வாரமே கடைகளில் கூட்டம் முண்டியடிக்கிறது. 2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு எங்கள் ஊர்க் கடையில் சுவர்த் தாங்கிகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட அவமானத்தை எழுத்தில் சொல்வது கடினம்.

அந்தக் கொலைகளுக்குப் பின் 2013இல் செனட்டர் ஃபைன்ஸ்டைன் கொண்டுவந்த புதிய தடை 40க்கு 60 என்று தோற்றது. 2022இல் நியூயார்க்கின் பஃபலோவிலும் டெக்சாஸின் யுவால்டியிலும் நடந்த படுகொலைகளை அடுத்து, பிரதிநிதிகள் சபை 217க்கு 213 என்று இன்னொரு தடையை நிறைவேற்றியது. செனட்டில் அது அசையவில்லை. அந்த மசோதாவை நான் படித்தேன். இரண்டு உறுப்புகள் என்ற கணக்கு ஒன்றாகக் குறைந்திருந்தது, பெயர்ப் பட்டியல் நீண்டிருந்தது, ஏற்கெனவே மக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் அவர்களிடமே விடப்பட்டிருந்தன. அதாவது முப்பதாண்டுக்கு முன் போன அதே பாதை.

பஃபலோவிலும் யுவால்டியிலும் சுட்ட இருவருக்கும் வயது 18. 2018இல் ஃபுளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேரைக் கொன்றவனும் தன் துப்பாக்கியை 18 வயதில் சட்டப்படிதான் வாங்கியிருந்தான். உரிமம் பெற்ற வியாபாரியிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆக வேண்டும் என்று கேட்கும் தேசியச் சட்டம், நீள் துப்பாக்கிக்கு 18 போதும் என்கிறது. வேட்டைக்குச் செல்லும் பண்ணைச் சிறுவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்த விதி, 30 தோட்டா மேகசினோடு வரும் ஏ.ஆர்.-15க்கும் பொருந்துகிறது. 1994 சட்டம் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பார்க்லண்டுக்குப் பின் குடியரசுக் கட்சியின் ஆளுகையில் இருந்த ஃபுளோரிடாவே வயதை 21 ஆக உயர்த்தியது. ஆபத்தானவரிடமிருந்து நீதிமன்ற ஆணையின் பேரில் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கவும் வழி செய்தது. அந்த மாநிலத்தில் உள்ள துப்பாக்கி உரிமையாளர் நண்பர்கள் முதலில் கொதித்தார்கள். அவர்களில் தன் துப்பாக்கியை இழந்தவர் ஒருவரும் இல்லை.

தங்கள் நாளிதழை இங்கே வாழும் தமிழர்களும் படிக்கிறார்கள். நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருப்பவர்கள்கூடப் பின்னணிச் சோதனைக்குப் பின் துப்பாக்கி வாங்க முடியும் என்பதால், அவர்களில் துப்பாக்கி வைத்திருப்போர் தாங்கள் நினைப்பதைவிட அதிகம். அவர்களிடம் பழைய தடை திரும்ப வேண்டும் என்று மட்டும் சொன்னால், முனைக் கத்திக் கொக்கியையும் மினி-14ஐயும் காட்டி வாதத்தை முடித்துவிடுவார்கள். பத்துக்கு மேற்பட்ட மேகசின்களை, முன்பே வாங்கியவற்றையும் சேர்த்து, நியாயமான விலை கொடுத்து அரசு திரும்பப் பெறலாமா, அரைத் தானியங்கி நீள் துப்பாக்கிக்கு 21 வயதும் உரிமமும் வேண்டும் என்று கேட்கலாமா என்று கேட்டால் அவ்வளவு எளிதாக முடிக்க முடியாது. என் சங்கத்தில் இக்கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். எதிர்த்தவர்களே மிகுதி. ஆனால் மேகசினைத் திரும்பக் கொடுப்பேன், பணம்கூட வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களில் இருவர் வியட்நாம் போரில் பணியாற்றியவர்கள். அடுத்த முறை இப்பொருள் பற்றித் தாங்கள் எழுதும்போது, 1994 தடை திரும்ப வேண்டுமா என்று கேட்பதற்குப் பதிலாக இந்த இரண்டு கேள்விகளை எழுப்புமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஒஹாயோ, அமெரிக்கா.